வில்லும் மானும் பிணையும்

மான் வேட்டைக்கு ஏற்ற குறுக்குவில் எது? வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலருக்கு இது இன்று நடைமுறைக் கேள்வி. இழுவிசை எவ்வளவு, அம்பின் வேகம் எவ்வளவு என்றே விற்பனையாளர்கள் விடை சொல்வார்கள். நம் முன்னோரோ இக்கேள்வியை வேறு முனையிலிருந்து தொடங்கினார்கள். இந்தக் கருவி விலங்கின் உயிரை எவ்வாறு போக்குகிறது என்பதே அவர்கள் முதலில் கேட்டது.

அந்தக் கேள்விக்கு வேர், தய்யு குலத்தைச் சேர்ந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் இருக்கிறது. கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திமின் மகனான அவர் வேட்டையில் பழகியவர். இறகில்லாத கனத்த எறிகோலாகிய மிஃராளைப் பற்றி அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். கூர்முனை பட்டுத் துளைத்தால் உண்ணலாம். அகலப் பக்கம் மோதி இறந்தால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணலாகாது என்பது விடையின் கருத்து. அம்பு பட்ட விலங்கு நீரில் விழுந்து இறந்து கிடந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். கொன்றது அம்பா, நீரா என்பது தெரியாது. அடிபட்டுச் செத்ததைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் விலக்கப்பட்டவற்றின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்த்தால் பல கருவிகள் தெளிவாகின்றன. காலால் மிதித்து நாணேற்றும் குறுக்குவில்லை அரபிகள் கால்வில் என்றே அழைத்தனர். சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபிக்காக அத்தர்ஸூஸீ எழுதிய படைக்கல நூல் இத்தகைய விற்களை விவரிக்கிறது. அவற்றின் அம்பு துளைப்பது. ஆனால் அதே காலத்தில் பக்தாதில் புகழ்பெற்றிருந்த இன்னொரு வில் களிமண் உருண்டையை எய்வது. அதன் பெயர் புந்துக் வில். அப்பாஸியக் கலீஃபா அந்நாஸிர் (1180–1225) அதில் பெரும் ஈடுபாடு காட்டினார். எனினும் உருண்டை மோதி இறந்த பறவையை ஃபிக்ஹு அறிஞர்கள் ஹலால் எனக் கொள்ளவில்லை. உயிரோடு விழுந்தால் முறைப்படி அறுத்தே உண்ண வேண்டும். கலீஃபாவின் விருப்பமும் அளவுகோலை மாற்றவில்லை.

தமிழகத்திலும் இவ்விரு வகைகள் இருந்தன. மதுரைக் கோட்டையில் தானே வளைந்து எய்யும் வில்பொறி இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. உருண்டை எய்யும் வில்லுக்கு நாம் உண்டிவில் என்று பெயரிட்டோம். புந்துக் வில்லுக்கும் அதற்கும் பெயர்க்காரணம் ஒன்றே. சிவகங்கைச் சீமையிலும் புதுக்கோட்டையிலும் மானின் காலை நோக்கி வீசப்பட்ட வளரி இன்னொன்று. மரத்தாலான வளரி மிஃராளின் அகலப் பக்கத்தைப் போன்றது. அது மானை வீழ்த்தலாம், ஹலாலாக்குவது கத்தியே. காயல்பட்டினத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் வேட்டையையும் அறுப்பையும் ஒரே பாடத்தில் வைத்துப் போதிப்பதன் காரணம் இதுதான்.

ஆக, வேட்டை அனுமதிக்கப்பட்ட நாட்டில் இருப்பவருக்கு விடை இது: கூரிய வெட்டுமுனையுள்ள அம்பைத் துல்லியமாக எய்யும் வில்; அதைக் கையாளும் பயிற்சி; எய்யும்போது பிஸ்மில்லாஹ்; உயிர் நிலைத்திருக்கும்போது சென்றடைந்தால் உடனே அறுத்தல். உயிருள்ளதை விளையாட்டுக்குக் குறியாக வைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால், உண்ணும் நோக்கம் இல்லாத வேட்டைக்கு எந்த வில்லும் ஏற்றதல்ல.

நம் நாட்டில் இருப்பவருக்கு விடை வேறு. அதைச் சொல்ல நம் ஊரோடு தொடர்புடைய ஒரு காவியம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்திற்கு வேண்டிய அரபு மூலச் செய்திகள் கிடைக்க, காயல்பட்டினத்தில் பிறந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் துணைநின்றதாக மரபு கூறுகிறது. அதன் நுபுவ்வத்துக் காண்டத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் இருக்கிறது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், குட்டிக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நபி (ஸல்) அவர்கள் அதற்காகப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறி இஸ்லாத்தைத் தழுவுகிறான். இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடரைப் பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் தமிழ் முஸ்லிம் இல்லங்கள் இதை விரும்பிக் கேட்டதற்குக் காரணம் விளங்குகிறது. தமிழில் பிணை என்றால் பெண்மான். பிணை என்றால் உத்தரவாதமும்கூட. வேடனின் கருவியைவிடக் கொடுத்த வாக்கே அங்கே முதன்மை பெறுகிறது.

ஐயத்திற்கு இடமில்லாத ஆதாரங்களும் இதே திசையைக் காட்டுகின்றன. இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டை ஹராம். மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதே கூடாது. மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை அச்சுறுத்த மாட்டேன் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஹலாலான விலங்கும் ஓர் எல்லைக்குள் தீண்டத்தகாததாகிவிடும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

காயல்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் அத்தகைய ஓர் எல்லை இருக்கிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில், 1987இல் அமைக்கப்பட்ட வல்லநாடு வெளிமான் சரணாலயம், 16.41 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புதர்க்குன்று. மக்கா, மதீனா எல்லைகளுக்குரிய மார்க்கச் சிறப்பு அதற்கு இல்லை. ஆயினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கு மட்டுமன்றி நாடெங்கும் வெளிமானைக் காக்கிறது. முதல் அட்டவணையில் உள்ள அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. கண்ணி வைப்பதும், முயற்சி செய்வதும் வேட்டையாகவே கொள்ளப்படும். வில்லின் சத்தம் கேட்காது என்பதால் குற்றம் குறைந்துவிடாது.

நாட்டின் குடிமக்களாக இச்சட்டத்திற்கு நாம் உடன்பட்டிருக்கிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் ஐந்தாம் அத்தியாயம் தொடங்குகிறது. வேட்டையின் விதிகளும் அதே அத்தியாயத்தில்தான் வருகின்றன. வாயில்லா மான் தன் வாக்கைக் காத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், அதே மானைக் குறித்து நாம் கொடுத்த வாக்கை முறிக்கலாகாது. பிணையைப் பேணும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.