'பிரிசைஸ்' என்றால் என்ன? தஞ்சை நிலக்கணக்கு சொல்லும் பதில்

ஆங்கிலத்தில் 'பிரிசைஸ்', 'அக்யூரேட்' என்று இரண்டு சொற்கள் உண்டு. தமிழில் இரண்டையுமே 'துல்லியம்' என்று எழுதிவிடுவது வழக்கம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல!

'பிரிசைஸ்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'வெட்டிக் குறைத்தது' என்று பொருள். 'அக்யூரேட்' பிறந்தது 'அக்கறை' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து. அளவை எவ்வளவு பொடியாக வெட்டிச் சொல்கிறோம் என்பது முதலாவது. அது உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது இரண்டாவது.

இதற்கு நல்ல உதாரணம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. முதலாம் ராஜராஜ சோழன் (985–1014) காலத்தில், 1001 வாக்கில், நிலங்கள் அளக்கப்பட்டன. பெரிய கோவிலுக்கு நெல் தரவேண்டிய ஊர்களின் கணக்கு கோவில் சுவரிலேயே வெட்டப்பட்டுள்ளது. ஒரு வேலியில் 20-ல் ஒரு பங்கு மா. 320-ல் ஒரு பங்கு முந்திரி. அதையும் 320 ஆக வெட்டினால் கீழ் முந்திரி. இப்படியே கீழே கீழே போய், ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு இருக்கிறது. இன்றைய டெல்டாவில் ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். அப்படிப் பார்த்தால் அந்தப் பங்கு ஒரு கடுகு வைக்கும் இடம் கூட இல்லை!

எந்தக் கோலாலும் வயலில் இதை அளக்க முடியாது. பெருக்கியும் வகுத்தும் வந்த மிச்சத்தை விடாமல் எழுதியதால் வந்த எண் இது. இதுதான் பிரிசைஸ்.

அப்படியானால் அக்யூரேட் எங்கே? அதுவும் அதே கல்வெட்டுகளில் இருக்கிறது. ஊர் நத்தம், குளம், ஊடே போகும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மிச்ச நிலத்துக்கே வரி போட்டார்கள்.

பல ஊர்களில் வேலிக்குச் சுமார் 100 கலம் நெல் வரி. கீழ் முந்திரி அளவு பிசகினால் நஷ்டம் ஒரு நாழியில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. ஆனால் ஒரு மா வாய்க்காலை வயல் என்று எழுதிவிட்டால், விளையாத இடத்துக்கு வருஷா வருஷம் 5 கலம் நெல் அளக்க வேண்டும். உழுதவன் வீட்டுக் குதிரில் அது பெரிய பள்ளம்.

கணக்குப் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். லாபத்தைப் பைசா வரை எழுதுவது பிரிசைஸ். கிடங்கில் உள்ள சரக்கைச் சரியாக எண்ணியிருந்தால்தான் அது அக்யூரேட்.