கைதியின் கையெழுத்து

பழைய நோட்டு சேகரிப்பவர்கள் 'அபூர்வம்' என்பதை ரசனைச் சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. தனியார் வங்கி வெளியிட்ட நோட்டு ஒரு கடன் சீட்டு. பணம் கொடுத்தாயிற்றென்றால் அது ரத்தாகி அழிய வேண்டும். ஐந்தை ஒருவன் எங்காவது மறந்து வைக்கலாம், ஐநூறை மறக்கமாட்டான். பெரிய நோட்டுகள் அச்சாவது குறைவு. அச்சானவையும் வங்கிக்குத் திரும்பிவிடும். அவற்றின் அபூர்வம், வாக்கு காப்பாற்றப்பட்டதற்குச் சாட்சி.

இந்த எளிய நியாயத்தைக் குழப்புகிறது ஹாங்காங்கின் கதை. 1865ல் தோன்றிய ஹாங்காங் ஷாங்காய் வங்கி, தனியார் நிறுவனமாக இருந்துகொண்டே அந்தக் காலனிக்கு 500 டாலர் வரை நோட்டு வெளியிட்டது. 1935க்குப் பிறகு நோட்டுக்கு எதிராக அரசின் செலாவணி நிதியில் ஈடு கட்ட வேண்டும். 1941 டிசம்பர் 25 அன்று ஜப்பானியரிடம் ஹாங்காங் வீழ்ந்தது. வங்கியில் வெளியிடப்படாத நோட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பிரிட்டிஷ் அதிகாரிகளை ஒரு மட்டமான ஓட்டலில் அடைத்து, தினமும் அலுவலகத்துக்கு நடத்திப்போய்க் கையெழுத்துப் போட வைத்தார்கள். சுமார் 12 கோடி டாலர்; ஈடு எதுவும் இல்லை. தலைமை நிர்வாகி வாண்டலர் கிரேபர்ன், முகாம் கைதிகளின் மருந்துக்காக ரகசியமாகப் பணம் அனுப்பியதில் பிடிபட்டு, 1943 ஆகஸ்டில் சிறையிலேயே இறந்தார்.

போர் முடிந்ததும் எழுந்த கேள்வி: பலவந்தத்தில் இட்ட கையெழுத்து கையெழுத்தா? 1946ல் வங்கியும் அரசும் அந்த நோட்டுகளை ஏற்க உடன்பட்டன. பாதுகாப்பாக வைத்திருந்த சாதாரணர்கள் தப்பித்தார்கள். குறைந்த விலைக்கு வாங்கிப் பதுக்கியவர்களும் கொழுத்தார்கள். இதைப் பெருந்தன்மை என்று புகழ நான் தயாரில்லை. மறுத்திருந்தால் வங்கியின் மற்ற நோட்டுகளையும் ஜனங்கள் சந்தேகித்திருப்பார்கள்.

எழுதியவனின் உத்தேசத்தைக் கொண்டு படைப்பை அளக்கக் கூடாது என்று விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் கட்டுரை எழுதியதும் அதே 1946ல்தான். கல்லூரியில் அதை வேதமாகப் படித்தேன். ஹாங்காங் நோட்டு அந்தச் சித்தாந்தத்துக்குப் பூரணமான உதாரணம்: வைத்திருந்தவனுக்கு அதன் மதிப்பு கிடைத்தது, போட்டவனின் உத்தேசம் கணக்கில் வரவில்லை. ஆனால் உதாரணம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதுதான் என்னை உறுத்துகிறது. இன்று அந்த நோட்டுகளை வரிசை எண்ணைக் கொண்டுதான் பிரித்தறிகிறார்கள். கையெழுத்தைப் பார்த்து அல்ல.

நானும் தினம் நூறு கையெழுத்துப் போடுகிறேன்.