சித்தன்னவாசல் பாறையில் ஒரு கமிட் மெசேஜ்

போன எபிசோடுல கிட் பிறந்த கதையைப் பார்த்தோம். 2005-இல் பிட்கீப்பரின் இலவச அனுமதி லினக்ஸ் குழுவுக்குக் கிடைக்காமல் போக, அந்த ஏப்ரலிலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பிச்சது அது. இன்னைக்கு அதைவிட ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல பழைய கதை. இடம், புதுக்கோட்டை பக்கத்துல சித்தன்னவாசல்.

அங்குள்ள சமணக் குடைவரையை முதலில் குடைந்தது யார்? பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்றுதான் ஆய்வாளர்கள் ரொம்ப நாள் எழுதினார்கள். பாண்டியர் என்பாரும் உண்டு. குடைந்தவர் பெயர் சொல்லும் குறிப்பு எதுவும் இல்லாததால் அந்த வழக்கு முழுசா தீரல.

ஆனா குகைக்கு வெளியே பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்தார், முகமண்டபத்தை எடுத்தார். காலம், அவனிபசேகரன் எனப்பட்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனுடையது. அதாவது 9-ஆம் நூற்றாண்டு. யார், எப்போ, என்ன மாத்தினார், எல்லாம் இருக்கு. பழசைச் சரிசெய்தது எது, புதுசா சேர்த்தது எதுன்னு பிரிச்சும் சொல்லியாச்சு. நாம பிழை திருத்தத்தையும் புது வசதியையும் ஒரே கமிட்ல திணிச்சு, மெசேஜ்ல "சேஞ்சஸ்"னு மட்டும் போடுறோம்! அந்தத் தாமரைக்குள ஓவியத்தை 9-ஆம் நூற்றாண்டு என்று சொல்ல முக்கிய ஆதாரமே இந்தக் கல்வெட்டுதான்.

விதானத்தில் மேல்பூச்சுக்கு அடியில் இன்னொரு பழைய ஓவிய அடுக்கும் தெரிய வந்தது. அதை வரைந்தவர் யாரென்று சொல்ல ஒரு வரி கிடையாது. கிட்டில் பழைய அடுக்கு அப்படிக் காணாமல் போகாது. எல்லாரும் வேலை செய்யும் கிளையில் யாராவது ஃபோர்ஸ் புஷ் போடாத வரைக்கும். அதனால் பல குழுக்களில் மெயின் கிளைக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்த்த பிறகுதான் உள்ளே வரும்.

இப்போ முகப்பில் நிற்கும் தூண்களைப் பார்த்து, இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் இதுதான்னு நானும் முதல் தடவை நினைச்சேன். இல்லைங்க. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை அவை. வேற ரெப்போவிலிருந்து கோடு எடுத்து ஒட்டும்போது, எங்கிருந்து எடுத்தோம்னு கமிட்ல ஒரு வரி எழுதச் சொல்றது இதுக்குத்தான்.