ஒன்பது பக்கக் கடிதமும் ஒரு நிலாப் பயணமும்

போன மாசம் எங்க ஆபீஸ்ல ரெண்டு நாள் டிரெயினிங். பிராஜெக்ட் மேனேஜர் ஆகப்போற ஆளுங்களுக்கு, அடுத்தவங்களை எப்படி நம்ம பக்கம் கொண்டு வர்றது, எப்படிப் பேசறதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. கண்ணைப் பார்த்துப் பேசணும், கையைக் கட்டிக்கக் கூடாது, எதிராளி சொன்னதையே திருப்பிச் சொல்லி ஆரம்பிக்கணும்... மத்தியானச் சாப்பாடு பிரமாதம் :-)

குறை சொல்லலை. ஆனா அந்த ரெண்டு நாளும் என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்தது ஒரே ஒரு ஆள்தான். ஜான் ஹூபோல்ட். அவர் நிலவுக்குப் போன ஆள் இல்லை. ராக்கெட் செஞ்ச ஆளும் இல்லை. கடிதம் எழுதின ஆள். இவரைப் பத்தி ஒரு பதிவு போடணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கறதால இன்னைக்குப் போட்டுடறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குவோம். 1961 மே 25. பத்து வருஷம் முடியறதுக்குள்ள நிலவுக்கு மனுஷனை அனுப்பி, பத்திரமாத் திருப்பிக் கொண்டு வருவோம்னு அமெரிக்க அதிபர் கென்னடி அறிவிக்கிறார். அன்னைக்கு அமெரிக்காவோட மொத்த விண்வெளி அனுபவம் எவ்வளவு தெரியுமா? மே 5-ஆம் தேதி ஆலன் ஷெப்பர்ட் மேலே போய்க் கீழே விழுந்த 15 நிமிஷம். அவ்வளவுதான். கிளையண்ட் கிட்ட டேமேஜர் தேதி கொடுத்துட்டு வந்து நம்ம தலையில கட்டறது நமக்குப் புதுசா என்ன!

தேதி வந்தாச்சு. எந்த வழியாப் போறதுன்னே முடிவாகலை. அப்போது நாசாவின் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி நேரடிப் பயணம். நோவா என்று ஒரு ராட்சத ராக்கெட் கட்டுவது, அதில் ஒரே மூச்சாகக் கிளம்பி, முழுக் கப்பலும் நிலவில் இறங்கி, அதே கப்பல் திரும்பி வருவது. இரண்டாவது, கொஞ்சம் சின்ன ராக்கெட்டுகள் சிலவற்றை அனுப்பி, பூமியைச் சுற்றும் பாதையில் துண்டுகளையோ எரிபொருளையோ சேர்த்துக்கொண்டு கிளம்புவது. ஹண்ட்ஸ்வில்லில் இருந்த வான் பிரவுனின் மார்ஷல் மையம் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றாவது, தாய்க்கலத்தை நிலவைச் சுற்றும் பாதையிலேயே விட்டுவிட்டு, சின்னதா ஒரு வண்டி மட்டும் கீழே இறங்கி, வேலை முடிந்ததும் மேலே வந்து தாய்க்கலத்தோடு சேர்ந்துகொள்வது.

நம்ம பாஷையில சொல்றேன். குடும்பத்தோட வேன் பிடிச்சுப் பழனிக்குப் போறோம். முதல் வழிங்கறது வேனையே படியில ஏத்தி மலை உச்சிக்குக் கொண்டுபோற மாதிரி. மூணாவது வழி, வேனை அடிவாரத்துல விட்டுட்டு, தோள்ல ஒரு பையோட ஏறி, சாமி கும்பிட்டுட்டு இறங்கி வர்ற மாதிரி. வீட்டுக்குத் திரும்பறதுக்கான டீசலையும் ஸ்டெப்னியையும் எதுக்கு மலைக்கு மேல தூக்கிட்டுப் போகணும்?

கேட்கும்போது மூணாவதுதானே சரின்னு தோணுது? ஆனா பயம் எங்கே இருந்ததுன்னா, திரும்பி வந்து வேனைக் கண்டுபிடிக்க முடியலைன்னா? விண்வெளியில் இரண்டு கலங்கள் சந்தித்துக்கொள்வது என்பது அன்றைக்கு யாருமே செய்து பார்க்காத காரியம். பூமிக்குப் பக்கத்தில் சந்திப்பு சொதப்பினால் இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம். 3,84,000 கிலோமீட்டர் தள்ளிப் போய் சொதப்பினால்? இப்படி யோசித்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை.

ஹூபோல்ட் 1919-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தது சிவில் எஞ்சினியரிங். (சிவில் படிச்சுட்டுப் பொட்டி தட்டற மக்கள் எல்லாம் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கங்க.) நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் விமானங்கள் மேல் விழும் சுமை, அதிர்வு இதெல்லாம்தான் அவர் துறை. மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் பிரிவு அவருடையது இல்லை. விண்வெளிச் சந்திப்பைப் பற்றி லாங்லியில் ஆராய்ந்த ஒரு குழுவுக்கு அவர் தலைவர், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தையும் சொல்லிடணும். மூணாவது வழியை அவர் கண்டுபிடிக்கலை. யூரி கோந்திராத்யுக் என்பவர் பல வருஷம் முன்னாடியே இதை எழுதி வெச்சிருந்தார். லாங்லியிலேயே வில்லியம் மைக்கேல் என்பவரும் கணக்குப் போட்டிருந்தார். ஹூபோல்ட் செஞ்சது அந்த யோசனையை விடாம தூக்கிட்டு அலைஞ்சது.

1960 டிசம்பரில் தலைமையகத்துப் பெரிய தலைகள் முன்னால் அவர் இதை விளக்கினார். மெர்க்குரி கலத்தை வடிவமைத்த மேக்ஸ் ஃபேஜே எழுந்து, இவரோட கணக்கு பொய் சொல்லுதுன்னு எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சார். நிறைந்த சபையில் அப்படி ஒரு வார்த்தை!

ஆனா ஃபேஜே சொன்னதுல நியாயமே இல்லைன்னு சொல்ல முடியாது. இறங்கும் வண்டியின் எடையை ஹூபோல்ட் ரொம்பவே குறைத்துப் போட்டிருந்தார். பின்னாளில் நிஜமாகவே செய்து முடித்தபோது அது சுமார் 15 டன் இருந்தது. ஹூபோல்ட் ஆரம்பத்தில் காட்டிய எண்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம்ம எஸ்டிமேஷன் மாதிரின்னு வெச்சுக்கங்களேன். எண் தப்பு, யோசனை சரி. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க அன்னைக்கு அந்த அறையில யாராலும் முடியலை.

1961 முழுக்க கமிட்டி மேல கமிட்டி. ஒரு கமிட்டியில் அவரே உறுப்பினர். அங்கேயும், நம்மளைப் பூமிச் சுற்றுப்பாதைச் சந்திப்பைத்தான் பார்க்கச் சொல்லியிருக்காங்கங்கற மாதிரி பதில்தான் வந்தது. அதாவது, “இது நம்ம ஸ்கோப்ல இல்லை.” இந்த வாக்கியம் 1961-லயே இருந்திருக்கு பாருங்க.

மே மாதமே அவர் நாசாவின் மூன்றாவது பெரிய அதிகாரியான ராபர்ட் சீமன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பெரிதாக ஒன்றும் நகரவில்லை. 1961 நவம்பர் 15-ஆம் தேதி மறுபடி எழுதினார். ஒன்பது பக்கம். நடுவில் இருந்த அத்தனை மேலதிகாரிகளையும் தாண்டி நேராக சீமன்ஸுக்கு.

வனாந்தரத்தில் நின்று கத்துபவனைப் போல எழுதுகிறேன் என்ற பொருளில்தான் கடிதம் தொடங்குகிறது. முறையான வழியை விட்டு வருகிறேன் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். உங்களுக்கு என்னைச் சரியாகத் தெரியாது, படித்துவிட்டுக் கிறுக்கன் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்கிறார். அப்புறம் நேராக விஷயம். நாம் நிலவுக்குப் போக விரும்புகிறோமா இல்லையா? அவ்வளவு பெரிய நோவாவை மட்டும் ஏன் எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள்? என் யோசனையை மட்டும் ஏன் கதவுக்கு வெளியிலேயே நிறுத்துகிறீர்கள்?

டிரெயினிங்ல சொல்லிக் கொடுத்தபடி பார்த்தா இந்தக் கடிதம் ஃபெயில். கோபம் தெரியுது. கெஞ்சலும் தெரியுது. ஆனா அவர் கேட்டது என்னன்னு கவனிங்க. என்னை நம்புங்கன்னு கேட்கலை. எல்லா வழியையும் ஒரே தராசுல நிறுத்துப் பாருங்கன்னுதான் கேட்டார். நிறுக்கறதுக்கான கணக்கையும் அவரே கையில கொடுத்தார்.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பொதுவா இந்தக் கதையைச் சொல்றவங்க ஒத்தை ஆள் ஹீரோயிசத்தோட முடிச்சுடுவாங்க. (1998-ல் வந்த ஃப்ரம் தி எர்த் டு தி மூன் டிவி தொடர்ல கூட இவர் வருவார்.) ஆனா அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த இடத்துல இருந்தவங்களைக் கொஞ்சம் பாருங்க.

சீமன்ஸ் நினைச்சிருந்தா, முறைப்படி வாப்பான்னு ஒரு வரி எழுதி முடிச்சிருக்கலாம். யாரும் அவரைக் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் கடிதத்தைப் படித்தார், மனிதப் பயணப் பிரிவின் தலைவர் பிரெய்னர்ட் ஹோம்ஸிடம் அனுப்பி, இதைப் பாருங்கள் என்றார். ஹோம்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஜோசஃப் ஷே என்பவரிடம் ஒப்படைத்தார். ஷேயும் முதலில் பூமிச் சுற்றுப்பாதைக் கட்சிதான். ஆனா அவர் ஹூபோல்டைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். பிறகு எல்லா வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வுகள் நடத்தினார். அதற்குள் ஃபேஜே இருந்த ஹூஸ்டன் குழுவும் தானாகவே கணக்குப் போட்டுப் பார்த்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆமாம், கணக்கு பொய்னு சொன்ன அதே ஃபேஜே.

கடைசியில் 1962 ஜூன் 7, ஹண்ட்ஸ்வில். வான் பிரவுனின் ஆட்கள் நாள் பூரா மேடையேறி, பூமிச் சுற்றுப்பாதை வழிதான் சிறந்தது என்று ஷேவுக்கு விளக்கினார்கள். எல்லாம் முடிந்ததும் வான் பிரவுன் எழுந்தார். தயாராக எழுதி வைத்திருந்த தாளை எடுத்துப் படித்தார். எங்கள் சிபாரிசு நிலவுச் சுற்றுப்பாதை வழி! இந்தப் பத்தாண்டுக்குள் முடிக்க அதில்தான் நம்பிக்கை அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். சில வாரங்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் காலக்கெடு கைநழுவிவிடும் என்றும் எச்சரித்தார். சொந்த ஆட்களே அதிர்ந்துபோனார்கள். அந்த வழியில் அவர் மையத்துக்கு வேலை குறையும். பயணத்துக்கு இரண்டு சாட்டர்ன் 5 ராக்கெட் என்பது ஒன்றாகிவிடும். தெரிந்தேதான் சொன்னார்.

ஜூலை 11-ல் நாசா முடிவை அறிவித்தது. கென்னடியின் அறிவியல் ஆலோசகர் ஜெரோம் வீஸ்னர் அப்பவும் விடலை. செப்டம்பரில் கென்னடி ஹண்ட்ஸ்வில் வந்தபோது அவர் முன்னாலேயே நாசாக்காரர்களோடு வாக்குவாதம் செய்தார். ஆனால் முடிவு மாறவில்லை. நவம்பரில் இறங்கும் வண்டியைக் கட்டும் வேலை கிரம்மன் நிறுவனத்துக்குப் போனது.

எல்லோரும் பயந்த அந்தச் சந்திப்பு 1965 டிசம்பர் 15-ல் ஜெமினி 6-ஏ, ஜெமினி 7 கலங்களால் பூமிச் சுற்றுப்பாதையில் நடந்தது. 1969 ஜூலை 20-ல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கியபோது ஹூபோல்ட் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் விருந்தினராக உட்கார்ந்திருந்தார். நாசாவை விட்டு 1963-லேயே போய்விட்டிருந்தார். முன்னால் இருந்த வான் பிரவுன் திரும்பி அவருக்கு நன்றி சொன்னாராம். அடுத்த வருஷம் ஏப்ரலில் அப்போலோ 13 வழியில் வெடித்தபோது, மூன்று பேரும் உயிர் பிழைத்தது அந்தத் தனி வண்டிக்குள் ஒண்டிக்கொண்டுதான். ஹூபோல்ட் 2014-ல், 95 வயதில் காலமானார்.

சரி, இதை இப்போ ஏன் எழுதறேன்?

மூணு வருஷம் முன்னாடி, வேற ஒரு கம்பெனியில இருந்தேன். பழைய சிஸ்டத்துல இருந்து புதுசுக்கு டேட்டா மாத்தற வேலை. எட்டு மணி நேரத்துல முடியும்னு பிளான். நான் ஓட்டிப் பார்த்த வரைக்கும் இருபதாவது ஆகும்னு தெரிஞ்சுது. மீட்டிங்ல சொன்னேன். “அதெல்லாம் லைவ் சர்வர்ல பறக்கும்ப்பா”ன்னார் ஒரு சீனியர். எல்லாரும் சிரிச்சாங்க. நான் உட்கார்ந்துட்டேன். சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு, ஞாயிறு மத்தியானம் பாதியில நிறுத்தி, பழைய சிஸ்டத்துக்கே திரும்பினோம். “நான் அப்பவே சொன்னேன்”னு டீக்கடையில எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்! ஆனா நான் சொன்னது ஒரே ஒரு தடவை, முப்பது செகண்ட். கையில இருந்த கணக்கை யாருக்கும் அனுப்பலை. ஹூபோல்ட் கிட்டத்தட்ட ஒண்ணரை வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தார்.

இப்போ எனக்குக் கீழே அஞ்சு பேர். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி, டீம்ல ஜூனியர் பொண்ணு ஒண்ணு நீளமா ஒரு மெயில் அனுப்பியிருந்துச்சு. நாம போற வழியே தப்புன்னு. ரெண்டு பாரா படிச்சேன். இது நம்ம ஸ்கோப்ல இல்லைன்னு தோணுச்சு. “பார்க்கலாம்”னு ஒத்தை வார்த்தையில பதில் போட்டுட்டேன்.

இதுவரைக்கும் எழுதிட்டு, இப்போதான் அந்த மெயிலை முழுசாப் படிச்சேன். பாதிக் கணக்கு தப்பு. ஆனா மீதிப் பாதி சரியாத்தான் இருக்கும் போல. நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேட்கணும்.

டிஸ்கி: டிரெயினிங் கொடுத்தவர் நல்ல மனுஷர். கடைசி நாள், ஏதாவது கேள்வி இருக்கான்னு கேட்டார். அங்கேயும் நான் வாயைத் திறக்கலை :-(