கபே றேஸரும் மண்ணெண்ணெய் ஹொண்டாவும்

டுபாயின் அல் கூஸ் பகுதியில், பண்டகசாலைகளுக்கும் கராச்சுகளுக்கும் நடுவே, பழைய மோட்டார் சைக்கிள்களை உரித்து வேறொன்றாக்கித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. உரிப்பது என்பதுதான் பொருத்தமான சொல். மட்காட், பக்க மூடிகள், பின்சீற், பெரிய சைலன்சர் எல்லாம் கழன்றுவிடும். சட்டத்தின் பின்பகுதியை அறுத்து, வளைத்த குழாயொன்றை ஒட்டி, ஒருவர் மாத்திரம் இருக்கக்கூடிய, பின்னால் கூனல் விழுந்த சீற்றைப் பொருத்துவார்கள். உயர்ந்த ஹாண்டிலுக்குப் பதிலாக முன்சில்லைத் தாங்கும் குழாய்களிலேயே இறுக்கிய இரண்டு கட்டைப் பிடிகள். கால்மிதிகள் பின்னுக்குப் போகும். ஓடுகிறவர் பெற்றோல் ராங்கியில் நெஞ்சு முட்டக் குனிந்தே ஓடவேண்டும். இந்த வண்டிக்குக் கபே றேஸர் என்று பெயர்.

நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்கு இப்படியான வண்டியில் வருகிறவர்கள் உண்டு. ஒரு வண்டியை உரிக்கச் செலவான காசை ஒருவர் சொன்னார். என் இரண்டு வருடச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். அதில் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவர் தன் வண்டியின் பூர்வீகத்தை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார், அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்திலும் மோட்டார் சைக்கிளை வீட்டு முற்றத்தில் வைத்து மாற்றிய ஒரு காலம் இருந்தது. அதைப் பற்றி ஒழுங்காக எழுதிய புத்தகம் எதுவும் என் கையில் அகப்படவில்லை.

முதலில் எழுதப்பட்ட கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லண்டனின் நோர்த் சேர்க்குலர் வீதியோரம் 1938 இல் திறக்கப்பட்ட சாப்பாட்டுக்கடை ஏஸ் கபே. போரில் குண்டு விழுந்து அழிந்து, 1949 இல் மறுபடி கட்டப்பட்டது. ஐம்பதுகளின் பிற்பகுதியில், தொழிற்சாலை வேலையால் கையில் நாலு காசு கண்ட பிரித்தானிய இளைஞர்கள் இரவுகளில் இப்படியான கடைகளில் கூடினார்கள். மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீற்றர், அவர்களது இலக்கு. பந்தய வண்டி வாங்க வசதியில்லை. ஆகவே கையிலிருந்த வண்டியிலிருந்து பாரத்தைக் கழற்றினார்கள். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த மக்கன்ட்லெஸ் சகோதரர்கள் நோர்ட்டன் கம்பனிக்காக 1950 இல் உருவாக்கிக் கொடுத்த 'பெதர்பெட்' சட்டத்துக்குள் ட்றயம்ப் எஞ்சினை இறக்கி, 'ட்றைட்டன்' என்று இரண்டு பெயரையும் கலந்து பெயர் வைத்தார்கள். இசைப்பெட்டியில் காசைப் போட்டுவிட்டு ஓடி, பாட்டு முடிய முன்னர் திரும்பி வருவார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதில் பாதி கதையாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஏஸ் கபே 1969 இல் மூடப்பட்டு 2001 இல் மறுபடி திறக்கப்பட்டது.

இந்தக் கதைக்குள் தமிழ் ஊரொன்றும் வருகிறது. றோயல் என்பீல்ட் கம்பனி 1964 இல் கொன்ரினென்ரல் ஜி.ரி. என்ற 250 சி.சி. வண்டியை விட்டது. பையன்கள் வீட்டில் வைத்துச் செய்ததைத் தொழிற்சாலையே செய்து விற்ற வண்டி அது. அதற்கு முன்னரே, 1955 இல், சென்னை திருவொற்றியூரில் அந்தக் கம்பனியின் கூட்டோடு என்பீல்ட் இந்தியா ஆரம்பமாகியிருந்தது. இங்கிலாந்தில் 1970 இல் உற்பத்தி நின்றபின்னும் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. 1977 இல் அங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி தொடங்கியது. 2013 இல் அதே கொன்ரினென்ரல் ஜி.ரி. என்ற பெயரில் 535 சி.சி. வண்டியும், 2018 இல் 650 உம் வந்தன. ஆக, கபே றேஸர் இப்போது கடையில் தவணைக் காசுக்கு வாங்கக்கூடிய சாமான்.

எங்கள் பக்கக் கதை வேகத்தில் தொடங்கவில்லை. 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் இலங்கைக்குள் தாராளமாக வந்தன. அதுவரை பி.எஸ்.ஏ., ட்றயம்ப் என்று பிரித்தானிய வண்டிகளைப் பார்த்திருந்த யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஹொண்டாக்கள் நிறைந்தன. அவற்றில் எத்தனையோ இந்த வளைகுடாவில் உழைத்த காசில் வாங்கியவை. பின்னர் 1990 யூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி என்று வடக்குக்குத் தடைசெய்த பொருட்களின் பட்டியல் நீண்டது. அதே வருடம் ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அங்கு வேலை செய்த இலங்கையர் உடுத்த உடுப்போடு ஊர் திரும்பினார்கள். எண்ணெய்க்கான போரிலிருந்து தப்பி, எண்ணெயே இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. விலை எட்டாத உயரத்தில் இருந்தாலும் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் விட்டு, பஞ்சில் ஊறவைத்து, திரியைக் கொளுத்திப் படித்தது பலருக்கும் ஞாபகமிருக்கும். அதே மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிளும் ஓடியது.

இது எப்படி முடிந்தது என்பதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் எஞ்சினுக்குள் போகவேண்டும். பெற்றோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயோ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறாமல் தீப்பற்றுமளவு ஆவி தராது. ஆகவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் உதைத்தால் கால்தான் நோகும். கண்ணுக்கு மருந்து விடுகிறது போன்ற சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடவேண்டும். சூடு ஆற முன்னர் திரும்பக் கிளம்பினால் துளி மிச்சம்.

அடுத்த சிக்கல், மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது. கண்டபடி தானாகவே வெடிக்கும், எஞ்சின் 'டங் டங்' என்று அடிக்கும். அதற்கு மருந்து, சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையில் இன்னுமொரு கஸ்கற் வைத்து இடைவெளியைக் கூட்டி அழுத்தத்தைக் குறைப்பது. அப்போது வலு குறையும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயிலும் தட்டுப்பாடு. பிளக்கில் கரி பிடிக்கும், வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும். பின்னால் இருந்து போகிற பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

புலம்பெயர்ந்த கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், உலகத்தில் எவரும் செய்யாததைத் தமிழன் செய்தான் என்று முடிப்பார்கள். அது சரியல்ல. 1917 இல் வந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியதுதான். 1949 இல் வந்த மண்ணெண்ணெய் ஃபேர்கசனும் அப்படியே. அதன் எஞ்சினில் அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தின் தோட்டக் கிணறுகளில் இறைப்பு மிசின்களும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறித்தான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணி இறைத்தன. எங்கள் அப்புவின் கிணற்றடியில் இருந்தது வில்லியர்ஸ். அந்தக் கம்பனி மோட்டார் சைக்கிள்களுக்கும் எஞ்சின் செய்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. என் ஊகம் இதுதான்: ஒரு தலைமுறைத் தோட்டக்காரன் கிணற்றடியில் பழகிய வித்தை தடைக்காலத்தில் றோட்டுக்கு ஏறியது. புதுமை அதன் அளவில் இருக்கிறது. உலகில் வேறு இடங்களில் கம்பனிகள் வரைந்து செய்ததை இங்கே வரைபடம் இல்லாமல், உதிரிப்பாகம் இல்லாமல், ஊர் முழுக்கச் செய்தார்கள். மருத்துவமாதுவும் விதானையாரும் அந்த வண்டிகளில்தான் போனார்கள். ஆனையிறவுப் பாதை மூடியபின் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்தவர்களை ஏற்றி இறக்கியவையும் அவையே. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, மழைக்குள் சனத்தோடு சனமாகத் தள்ளிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள்கள் அதிகம். அந்த நெரிசலில் ஓட இடமில்லை. சூடு ஆறினால் திரும்ப உதைக்கத் துளியுமில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. பிறகு வன்னியில் வளர்ந்தேன். மல்லாவியில் மாமா ஒரு கராச் வைத்திருந்தார். கராச் என்றால் நாலு தடியும் ஒரு படங்கும். 2002 இல் ஏ9 பாதை திறக்கும்வரை அங்கும் மண்ணெண்ணெய்தான். "அண்ணை, வெளிக்கிடுதில்லை" என்று வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறவனிடம் மாமாவின் முதல் கேள்வி, "எத்தினை துளி விட்டனீ?" என்பதாக இருக்கும். பிளக்கைக் கழற்றி, மணந்து பார்த்தே விசயத்தைச் சொல்லிவிடுவார். கஸ்கற் வெட்டுவதற்குத் தகரப் பேணிகளைத் தட்டி விரித்து வைத்திருந்தார். அளவுகள் எல்லாம் அவருடைய விரலில் இருந்தன. ஒரு கொப்பியில்கூட எழுதவில்லை. 2009 மாசிக்குப் பிறகு அவரைக் கேட்க வழியில்லாமல் போயிற்று.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது காபரேற்றர்தான் பொது இடம். கபே றேஸர்காரர் அழகுக்காகக் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, சின்னக் கூம்பு வடிகட்டியை மாட்டுவார். உடனே காற்று கூடிவிடும், பெற்றோல் போதாது, எஞ்சின் கொதிக்கும். பெரிய ஜெற் போட்டு அதைச் சமன்செய்யவேண்டும். எந்த வண்டிக்கு எந்த இலக்க ஜெற் என்று இன்று பட்டியலே கிடைக்கிறது. லண்டன் பையன்கள் பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுபிடித்ததை யாரோ எழுதி வைத்ததால் வந்த பட்டியல் அது. மாமா போன்றவர்களும் அதேபோலப் பிழைவிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒரே தொழில்தான். ஒன்றைப் பொழுதுபோக்கு என்றும் மற்றதைக் கஷ்டகாலம் என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். கஷ்டகாலம் என்று பெயர் வைத்ததும் அதிலிருந்த தொழிலறிவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இங்கே வளைகுடாவில் இந்த வேலையை வீட்டில் செய்ய ஏலாது. முதலில் எங்களுக்கு வீடு இல்லை. அறைக்கு ஆறு கட்டில். அமீரகத்தில் அனுமதியில்லாமல் எஞ்சினையோ சட்டத்தையோ மாற்றினால் தண்டப்பணம், வண்டியையும் தூக்கிக்கொண்டு போவார்கள். 1951 ஆம் ஆண்டின் அகதிச் சமவாயத்தில் இந்த நாடு ஒப்பமிடவில்லை, ஆகவே நானும் இங்கே அகதி அல்ல, விசாவின்படி சமையல் உதவியாளன். ஆனாலும் கடைக்கு வெளியே சாப்பாட்டுப் பொதிக்காகக் காத்திருக்கிற பொடியன்கள், பாகிஸ்தானியரும் நேபாளியரும் எங்கள் ஆட்களும், வெயிலில் சீற் கொதிக்காமல் இருக்கப் போடுகிற பாயையும், போனை மாட்டக் கம்பியை வளைத்துச் செய்த பிடியையும் பார்க்கும்போது, கை சும்மா இருப்பதில்லை என்று தெரிகிறது.

ரொறொன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கிற பழைய கராச்காரர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்குச் சில விபரங்கள் வேண்டும். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப்போய் இடையில் நின்றவன், நிற்கிற இடத்திலிருந்து கேட்கிறேன். ஹொண்டா எம்.டி.90 க்கு எத்தனை கஸ்கற் வைத்தீர்கள்? சி.டி.125 க்கும் அதே கணக்கா? பொறி விடுகிற நேரத்தைப் பின்தள்ளினீர்களா, அல்லது அப்படியே விட்டீர்களா? ஜெற்றின் துளையைப் பெருப்பித்தீர்களா, எதனால்? ஒயிலை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றினீர்கள், கழிவு ஒயிலை என்ன செய்தீர்கள்? வால்வு எத்தனை மாதத்தில் எரிந்தது?