யுனிக்ஸும் வருகைப் பதிவேடும்

பலர் ஒருங்கே பயன்படுத்தும் கணனியொன்றில், ஒரு வேளையில் அதனுடன் தொடர்புற்றிருப்போர் யாவர் என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் உருவாக்கிய யுனிக்ஸ் இதற்கு ஆரம்பத்திலேயே விடை கண்டது. 1971 நவம்பரில் வெளிவந்த அதன் முதற் கைந்நூலிலேயே 'ஹூ' என்னும் கட்டளை இடம்பெற்றுள்ளது. 'யார்' எனப் பொருள்படும் அக்கட்டளை, கணனி தானே எழுதிவரும் பதிவேட்டைப் படித்து, பயனாளர் பெயர், முனையம், புகுந்த நேரம் ஆகியவற்றைக் காட்டும். ஒருவரையொருவர் அறிந்த சிறு ஆய்வாளர் குழுவுக்கு இதுவே போதுமானதாயிருந்தது.

கணனிகள் தொலைபேசி இணைப்புகளால் பிணைக்கப்பட்டபோது நிலைமை மாறிற்று. 1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில், கணனிப் பாவனைக் கட்டணக் கணக்கில் 75 சதம் குறைந்தது. காரணத்தைத் தேடப் பணிக்கப்பட்ட வானியலாளர் கிளிபர்ட் ஸ்ரோல், அந்நியர் ஒருவர் உட்புகுந்து, முழு நிருவாக அதிகாரத்தையும் பெற்றிருந்தமையைக் கண்டார். அந்நியரோ, நெடுநாள் பாவனையற்றிருந்த ஒருவரின் பெயரில் உலாவினார். எனவே, பதிவேடு பெயரைக் காட்டிற்றேயன்றி ஆளைக் காட்டவில்லை. மேலும், நிருவாக அதிகாரம் பெற்றவர் அப்பதிவேட்டையே திருத்தவும் வல்லவர். கண்காணிப்போர் எவரேனும் உளரோ என அறிய, புகுந்தவரும் அதே பட்டியலையே நோக்கினார்.

இதனை உணர்ந்த ஸ்ரோல், கணனியினுள் கண்காணிப்பை அமைக்கவில்லை. வார இறுதியொன்றில் சக ஊழியரின் அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் திரட்டி, வெளியிலிருந்து வரும் ஏறத்தாழ 50 இணைப்புகளிலும் பொருத்தினார். புகுந்தவர் தட்டிய எழுத்துகள் யாவும் கடதாசியில் பதிவாயின. கணனிக்குப் புறத்தேயிருந்த அப்பதிவை அவரால் காணவோ அழிக்கவோ இயலவில்லை.

பல மாத காலத் தேடல் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரில் வாழ்ந்த மார்க்குஸ் ஹெஸ் என்பவரிடம் சென்று முடிந்தது. ஏறத்தாழ 450 கணனிகளில் புக முயன்று, 30 இற்கும் மேற்பட்டவற்றில் அவர் வெற்றி கண்டிருந்தார். சோவியத் உளவு நிறுவனமாகிய கே.ஜீ.பீ.க்குத் தகவல் விற்ற குற்றத்திற்காக, 1990இல் அவரும் கூட்டாளிகளும் இடைநிறுத்தப்பட்ட சிறைத்தண்டனை பெற்றனர்.

'ஹூ' கட்டளை இன்றும் வழக்கிலுள்ளது. ஆயின், பதிவேட்டை எழுதும் பொறியே பிறர் கைப்பட்டவிடத்து, அப்பதிவேடு சாட்சியாகாது. ஆதலினாலேயே, முக்கியப் பதிவுகளை வேறொரு கணனிக்கும் அனுப்பிச் சேமித்தல் பிற்காலத்தில் நிருவாகிகளின் நடைமுறையாயிற்று. 75 சதத்தை அற்பமெனத் தள்ளியிருப்பின் இவ்வுண்மை வெளிப்படுதற்கு மேலும் காலஞ் சென்றிருக்கும் எனலாம்.