பாலும் ஓமோனும் வைரசும்: ஓர் ஆய்வு வரலாறு

புற்றுநோய்க்குக் காரணம் வைரசா, ஓமோனா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அறிஞரிடையே விவாதிக்கப்பட்டு வந்தது. இவை ஒன்றையொன்று விலக்கும் காரணங்களல்ல என்பதே நாம் இங்கு எடுத்துக்காட்ட முயலும் கருத்தாகும். சுண்டெலியின் பாற்சுரப்பிப் புற்றுநோய் பற்றிய ஆய்வு வரலாறு அதற்குத் தக்க சான்றாகும்.

மசச்சூசெற்சில் சுண்டெலி வளர்த்த அபி லாத்ரொப் அம்மையாரும் நோயியலறிஞர் லியோ லோபும், இளமையிற் சூலகம் அகற்றப்பெற்ற சுண்டெலிகளில் இந்நோய் குறைவதை 1916 இல் வெளியிட்டனர். 1932 இல் பாரிசில் அந்துவான் லக்கசாஞ், ஈஸ்திரசன் ஓமோனை ஏற்றி ஆண் சுண்டெலிகளிலும் அந்நோயைத் தோற்றுவித்தார்.

ஆயின், 1933 இல் ஜக்சன் ஆய்வுகூடத்தார் செய்த கலப்புச் சோதனைகளில், நோய்ப்பாங்கு தாய்வழியே மிகுதியாகச் செல்வது புலனாயிற்று. நிறமூர்த்தங்களால் மட்டும் இதனை விளக்க இயலவில்லை. 1936 இல் ஜோன் பிற்னர், நோய்மிக்க குலத்துக் குட்டிகளை நோயருகிய குலத்துத் தாய்களிடம் பாலருந்த விட்டார். நோய் வெகுவாகக் குறைந்தது. பாலிலிருந்த காரணி ஒரு வைரசு என்பது பின்னர் தெளிவாயிற்று.

இங்கு ஓர் ஐயம் எழும். வைரசே காரணமெனின், சூலகத்தை அகற்றியதும் நோய் குறைந்ததேன்? விடை கலத்தினுள்ளே கிடைத்தது. டெக்சாமெதசோன் என்னும் செயற்கை ஓமோன் இவ்வைரசின் ஆர்.என்.ஏ. உற்பத்தியைப் பெருக்குவதை யமமொட்டோ, பிஷப், வார்மஸ் முதலியோர் 1975 இல் காட்டினர். கலத்தின் டி.என்.ஏ.யிற் பதிந்த வைரசின் அந்தத்தில், ஓமோனைத் தாங்கிய ஏற்பி பொருந்தும் இடமொன்று உண்டென 1980களில் அறியப்பட்டது. அவ்வைரசு ‘இன்ற்-1’ என்னும் பரம்பரையலகின் அயலிற் பதிந்து அதனைத் தூண்டுவதை 1982 இல் நூசேயும் வார்மசும் கண்டனர். ஆகவே, சூலக ஓமோன்கள் வைரசு பதிதற்குரிய சுரப்பிக் கலங்களைப் பெருக்குகின்றன. பதிந்த வைரசையும் ஓமோன் இயக்குகின்றது.

சுண்டெலியிற் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் தவறாகும். மனிதரின் மார்பகப் புற்றுநோய்க்கு இத்தகைய வைரசு காரணம் என்பது நிறுவப்படவில்லை. எனினும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பப்பிலோமா வைரசு அடிப்படையாயிருக்க, அத்தொற்றுடைய பெண்களுள் கருத்தடை மாத்திரையை ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ உட்கொண்டோருக்கு இடர் மிகுதியென 2002 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கூறிற்று. மாத்திரையை நிறுத்தியபின் இடர் படிப்படியாகக் குறைவதும் பின்னர் அறியப்பட்டது.

1966 இல் மருத்துவ நோபல் பரிசை, கோழியிற் புற்று வைரசைக் கண்ட பெய்ற்றன் ரவுசும், புற்றுக்கு ஓமோன் சிகிச்சை கண்ட சார்ள்ஸ் ஹகின்சும் பகிர்ந்து பெற்றனர். அவர்தம் இரு துறைகளும் ஒரே கலத்திற் சந்திக்கக் கூடியன என்பதே சுண்டெலியின் வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.